கக்குவான் இருமலும் ஊக்கத் தவணையும்

ஒரே நோய்க்கு இந்திய மொழிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயர் இட்டிருக்கின்றன. இந்தி பேசுவோர் அதனைக் ‘காலி கான்ஸி’ என்பர்; கருப்பு இருமல் என்பது அதன் பொருள். மராத்தியில் ‘டாங்க்யா கோக்லா’, தெலுங்கில் ‘கோரிந்த தக்கு’, மலையாளத்தில் ‘வில்லன் சும’ என்று வழங்குகின்றனர். கன்னடத்தில் அது ‘நாயி கெம்மு’, அதாவது நாய் இருமல். தமிழில் அதன் பெயர் கக்குவான் இருமல். கக்குதல் என்றால் வாந்தியெடுத்தல். இருமி இருமி, இறுதியில் உண்டதையும் கக்கிவிடும் குழந்தையைக் கண்டு முன்னோர் இட்ட பெயர் அது.

இத்தனை மொழிகளில் தனிப்பெயர் பெற்றிருப்பதே, இந்நோய் ஒரு காலத்தில் வீடுதோறும் அறியப்பட்டிருந்தது என்பதைக் காட்டும். தடுப்பூசி வந்தபின் அது பெரிதும் குறைந்தது, ஆனால் அழியவில்லை. குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசியின் காப்பு, பத்து வயதை எட்டும்போது தளர்ந்துவிடுகிறது. அந்த வயதில் மீண்டும் ஒரு தவணை ஏன் தேவைப்படுகிறது, அதனால் நன்மை பெறுவோர் யார் யார் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

நோயும் கிருமியும்

பாரிசு நகரில் 1578ஆம் ஆண்டில் குழந்தைகளிடையே பரவிய கக்குவான் இருமலைக் கியோம் த பாயு என்னும் மருத்துவர் விவரித்து எழுதினார். ஆயினும் நோய்க்குக் காரணம் எது என்பது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் புலப்படவில்லை. பெல்ஜிய நாட்டு அறிஞர்களான ஜூல்ஸ் போர்டே, ஆக்டேவ் ஜாங்கூ ஆகிய இருவரும் 1906ஆம் ஆண்டில் அந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினர். உருளைக்கிழங்குச் சாறும் குருதியும் கலந்த ஊட்டப்பொருளில் அது வளர்ந்தது. போர்டேயின் பெயரால் அக்கிருமி ‘போர்டெடெல்லா பெர்டுசிஸ்’ எனப்படுகிறது. நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுகளுக்காக 1919ஆம் ஆண்டிற்கான நோபல் பரிசையும் போர்டே பெற்றார்.

இக்கிருமி ஒரு பாக்டீரியா. மனிதரைத் தவிர வேறு எந்த உயிரிடத்தும் இது இயற்கையில் நிலைத்து வாழ்வதில்லை. நோயுற்றவர் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் நுண்திவலைகள் வழியாக அடுத்தவரின் மூக்கையும் தொண்டையையும் அடைகிறது. மூச்சுக்குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உண்டு. காற்றில் பறக்கும் நெற்கதிர்களைப் போல அவை ஓயாமல் அசைந்து, தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. கக்குவான் கிருமி அந்த நுண்ணிழைகளைப் பற்றிக்கொள்கிறது. நஞ்சுப் பொருள்களைச் சுரந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. சளியை வெளியேற்றும் வழி அடைபடுவதால் உடல் இருமலை நாடுகிறது. கிருமி மடிந்த பின்னரும் நுண்ணிழைகள் மீண்டும் வளர நாளாகும். அதனாலேயே இருமல் வாரக்கணக்கில் நீடிக்கிறது. இதனை ‘நூறு நாள் இருமல்’ என்று சில நாட்டினர் அழைப்பதும் இக்காரணம் பற்றியே.

நோயின் மூன்று பருவங்கள்

கிருமி புகுந்து ஏழு முதல் பத்து நாள்களில் பெரும்பாலும் அறிகுறிகள் தோன்றும். முதல் பருவம் ஒன்று அல்லது இரண்டு வாரம் நீடிக்கும். மூக்கு ஒழுகும், இலேசான காய்ச்சலும் அவ்வப்போது இருமலும் இருக்கும். வெறும் சளி என்றே எல்லாரும் எண்ணுவர். நோய் மிக எளிதாகப் பிறருக்குத் தொற்றுவதும் இந்நாள்களில்தான்.

இரண்டாம் பருவத்தில் இருமல் அடுக்கடுக்காக வரும். ஒரே மூச்சில் பத்து, பதினைந்து முறை இருமியபின், காற்றுக்காகத் தவித்து மூச்சை உள்ளிழுக்கும்போது ‘ஊ’ என்ற கூவல் ஒலி எழும். முகம் சிவக்கும், கண்களில் நீர் வழியும், பலருக்கு வாந்தியும் வரும். இரவில் இருமல் மிகும். இந்நிலை பல வாரங்கள் நீடிக்கக்கூடும். மூன்றாம் பருவத்தில் இருமல் மெல்ல மெல்லத் தணியும்.

வளரிளம் பருவத்தினரிடம் இந்த மூன்று பருவங்களும் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசியின் எஞ்சிய காப்பு நோயின் கடுமையைக் குறைத்துவிடுகிறது. கூவல் ஒலி எழாமலும் போகலாம். பல வாரங்கள் நீடிக்கும் வறட்டு இருமல் மட்டுமே அடையாளமாக இருக்கும். அத்தகையவர் பள்ளிக்குச் செல்வர், விளையாடுவர், பேருந்திலும் தொடர்வண்டியிலும் பயணம் செய்வர். தம்மிடம் உள்ளது கக்குவான் என்பதை அறியாமலே பிறருக்கு அதனைக் கொடுத்துவிடுவர்.

கைக்குழந்தைக்கு நேரும் இடர்

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கே இந்நோயால் பேரிடர் நேர்கிறது. அக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகியது. இருமிச் சளியை வெளியேற்றும் வலிமையும் அதற்கு இல்லை. சில குழந்தைகள் இருமுவதே இல்லை. திடீரென மூச்சு நின்று, உடல் நீலம் பாரிக்கும். நுரையீரல் அழற்சியும் வலிப்பும் ஏற்படலாம். உயிரிழப்போரில் மிகப் பலர் இவ்வயதுக் குழந்தைகளே.

இந்தியாவில் குழந்தைக்குக் கக்குவானுக்கான முதல் தவணை ஆறாவது வாரத்தில் போடப்படுகிறது. அடுத்த இரண்டு தவணைகள் பத்தாவது, பதினான்காவது வாரங்களில் வருகின்றன. ஆகவே பிறந்தது முதல் ஆறு வாரம் வரை குழந்தைக்குத் தடுப்பூசியின் காப்பு சிறிதும் இல்லை. பதினான்கு வாரம் வரை அக்காப்பு முழுமை பெறுவதும் இல்லை. இந்த இடைவெளியில் நோய் பெரும்பாலும் வெளியாரிடமிருந்து வருவதில்லை. தாய், தந்தை, அண்ணன், அக்காள், தாத்தா, பாட்டி என்று குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவோரிடமிருந்தே வருகிறது. கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் பிள்ளைகள், அங்கே புதிதாகப் பிறந்த தம்பியையோ தங்கையையோ முதன்முதலில் காணும் மகிழ்ச்சியில் மடியில் ஏந்திக்கொள்வது இயல்பு. அப்போது இரண்டு வாரமாகத் தீராத இருமல் ஒன்று அப்பிள்ளையிடம் இருக்குமாயின், அது அற்பமான செய்தி அன்று.

தடுப்பூசி பிறந்த வரலாறு

1920களில் அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கக்குவானால் மாண்டனர். மிச்சிகன் மாநிலத்துக் கிராண்டு ராப்பிட்ஸ் நகரில், பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் ஆகிய இரு பெண் அறிவியலாளர்கள் 1932ஆம் ஆண்டில் இந்நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினர். இருவரும் முன்பு பள்ளி ஆசிரியைகளாகப் பணியாற்றியவர்கள். எல்டரிங் தம் ஐந்தாம் வயதில் கக்குவானால் துன்புற்றவர்.

ஆய்வகத்தில் பகல் முழுதும் உழைத்தபின், மாலையில் அவர்கள் நோயுற்ற குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்றனர். ஊட்டப்பொருள் பரப்பிய தட்டைக் குழந்தையின் வாயருகே பிடித்து, அதன்மேல் இருமச் செய்து கிருமியைச் சேகரித்தனர். பொருளாதாரம் சரிந்து, வேலையற்றோர் பெருகிய காலம் அது. மண்ணெண்ணெய் விளக்கு மட்டுமே எரிந்த ஏழை வீடுகளில் இப்பணி நடந்தது. சேகரித்த கிருமிகளைக் கொன்று தடுப்பூசி செய்தனர். முதற்கட்ட முடிவுகளின்படி, ஊசி போட்ட 712 குழந்தைகளில் 4 பேருக்கு மட்டுமே நோய் கண்டது. ஊசி போடாத 880 குழந்தைகளில் 45 பேருக்கு நோய் வந்தது. பின்னர் லோனி கோர்டன் என்னும் கறுப்பினப் பெண் அறிவியலாளரும் இவர்களுடன் இணைந்தார். 1940களில் தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னி ஆகிய மூன்றுக்கும் ஒரே ஊசி உருவாயிற்று. அதுவே ‘முத்தடுப்பு ஊசி’.

இந்தியாவில் 1978ஆம் ஆண்டில் தொடங்கிய விரிவான தடுப்பூசித் திட்டம் இதனைக் குழந்தைகளுக்குக் கொண்டு சேர்த்தது. இமாசலப் பிரதேசத்துக் கசௌலியில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனமும், நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனமும் முத்தடுப்பு ஊசியைத் தயாரித்த அரசு நிறுவனங்களாகும். மேலும் இரண்டு நோய்களைச் சேர்த்து ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி 2011ஆம் ஆண்டு டிசம்பரில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அறிமுகமாகி, பின் நாடெங்கும் பரவியது.

ஊசியைக் கைவிட்டபோது

தடுப்பூசி நிறுத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் சான்றாகும். 1974ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேர் அளவுக்குத் தடுப்பூசி பெற்றிருந்தனர். அவ்வாண்டில் நாடு முழுவதும் 393 பேருக்கு மட்டுமே கக்குவான் கண்டது. இறந்தவர் எவரும் இலர். அதன்பின் ஊசி போட்டுக்கொண்ட இரு குழந்தைகள் இறந்தன. மக்களிடையே அச்சம் பரவியது. அரசு தடுப்பூசியைச் சிறிது காலம் நிறுத்தியது. 1976ஆம் ஆண்டில் பத்தில் ஒரு குழந்தையே ஊசி பெற்றது. 1979ஆம் ஆண்டில் 13,000 பேருக்கு மேல் நோய் கண்டது. 41 பேர் இறந்தனர்.

ஜப்பானிய அறிஞர்கள் வேறொரு வழியையும் கண்டனர். கொல்லப்பட்ட முழுக் கிருமியையும் செலுத்தாமல், அதன் சில புரதங்களை மட்டும் தூய்மையாகப் பிரித்து ஊசி செய்தனர். இவ்வகை ஊசி 1981ஆம் ஆண்டில் அங்கு வழக்கத்திற்கு வந்தது. இதனால் காய்ச்சலும் வீக்கமும் குறைந்தன. வளரிளம் பருவத்தினருக்கு இன்று போடப்படுவது இவ்வகையைச் சேர்ந்ததே.

காப்பு ஏன் தளர்கிறது?

தடுப்பூசி உடலுக்குக் கிருமியின் அடையாளத்தைக் கற்பிக்கிறது. கற்ற உடல், எதிர்ப்புப் பொருள்களை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. தட்டம்மைத் தடுப்பூசி கற்பிக்கும் பாடம் பல்லாண்டுகள் மறவாது நிற்கும். கக்குவானோ அத்தகையது அன்று. நோயே ஒருமுறை வந்து சென்றாலும், ஊசி போட்டுக்கொண்டாலும், சில ஆண்டுகளில் காப்பு படிப்படியாகக் குறைகிறது. ஐந்தாம் வயதில் போட்ட தவணையின் வலிமை பத்து, பன்னிரண்டு வயதில் பெரிதும் தேய்ந்திருக்கும். மறந்துபோன பாடத்தை மீண்டும் ஒருமுறை படித்தால் விரைவில் நினைவுக்கு வருவதுபோல, ஒரே ஒரு கூடுதல் தவணை உடலின் நினைவைப் புதுப்பிக்கிறது. இதனையே ஊக்கத் தவணை என்பர். பேச்சு வழக்கில் ‘பூஸ்டர்’ எனப்படுகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2010ஆம் ஆண்டில் 9,000 பேருக்கு மேல் கக்குவானுக்கு ஆளாயினர். பத்துக் கைக்குழந்தைகள் உயிரிழந்தன. அதன்பின் 2011ஆம் ஆண்டு முதல், ஏழாம் வகுப்பில் சேரும் மாணவர் ஊக்கத் தவணை பெற்றிருக்க வேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் செய்தது. ஆயினும் 2014ஆம் ஆண்டில் அங்கு நோய் மீண்டும் பெருகியது. புரதங்களால் ஆன ஊசியின் காப்பு முதலாண்டில் வலிமையாக இருந்து, பின் சில ஆண்டுகளில் குறைகிறது என்பது இதனால் உறுதிப்பட்டது. ஆகவே வளரிளம் பருவத் தவணை ஒன்றே போதும் என்று இருந்துவிட முடியாது.

இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டில் 14 கைக்குழந்தைகள் இந்நோயால் இறந்தன. அவ்வாண்டு அக்டோபர் முதல் கருவுற்ற பெண்களுக்குக் கக்குவான் ஊசி போடப்பட்டது. தாயின் குருதியில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் கருவிலுள்ள குழந்தைக்குச் சென்று, முதல் ஊசி போடும் நாள்வரை அதனைக் காக்கிறது. பிறந்த குழந்தையைக் காப்பதில் இதுவே மிகச் சிறந்த வழி. பள்ளிப் பிள்ளைகளின் ஊக்கத் தவணை முதலில் அவர்களையே நீண்ட இருமலிலிருந்து காக்கிறது. வீட்டுக்கு நோய் வரும் வாயில்களில் ஒன்றையும் குறுக்குகிறது.

இந்திய அட்டவணை

தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி, கக்குவானுக்கு எதிராக ஒரு குழந்தை ஐந்து தவணைகளைப் பெறுகிறது. 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசி. 16 முதல் 24 மாதத்திற்குள் முத்தடுப்பு ஊசி. 5 முதல் 6 வயதிற்குள் மீண்டும் முத்தடுப்பு ஊசி. ஏழு வயதிற்குப் பின் குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசி போடப்படுவதில்லை.

பத்தாம் வயதிலும் பதினாறாம் வயதிலும் அரசு இலவசமாகப் போடும் ஊசி, தொண்டை அடைப்பான், இரண ஜன்னி ஆகிய இரண்டை மட்டுமே தடுக்கிறது. பள்ளியில் ஊசி போட்டாயிற்று என்று கூறும் மாணவருக்குக் கக்குவான் காப்பு கிடைத்துவிட்டதாகக் கருத இயலாது. மூன்று நோய்களையும் தடுக்கும் வளரிளம் பருவ ஊசிக்கு ‘டிடாப்’ என்று பெயர். இதில் தொண்டை அடைப்பானுக்கும் கக்குவானுக்கும் உரிய மருந்துப் பொருள், குழந்தைகளின் ஊசியில் இருப்பதைவிடக் குறைந்த அளவில் சேர்க்கப்பட்டிருக்கும். பத்து முதல் பன்னிரண்டு வயதிற்குள் இதனை ஒரு தவணை போட்டுக்கொள்ளுமாறு இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. பெற்றோர் மருத்துவரைக் கலந்து, இதனைத் தனியே கேட்டுப் பெறவேண்டும்.

பணியின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் மாறும் குடும்பங்களுக்குத் தடுப்பூசி அட்டையே வழித்துணை. அட்டை ஒரு மாநிலத்தின் மொழியில் எழுதப்பட்டிருப்பினும், தவணைகளும் தேதிகளும் எங்கும் பொருந்துவன. வீடு மாற்றும்போது பள்ளிச் சான்றிதழ்களோடு அதனையும் காத்து வைத்தல் வேண்டும். எந்தத் தவணை விடுபட்டது என்பதை மருத்துவர் அதனைக் கொண்டே அறிவார்.

சில ஐயங்கள்

ஊசியால் நோய் வருமா? வராது. இதில் உயிருள்ள கிருமி இல்லை. போட்ட இடத்தில் வலி, சிவப்பு, சிறு வீக்கம் தோன்றலாம். தலைவலி, சோர்வு, இலேசான காய்ச்சல் ஆகியவையும் சிலருக்கு வரும். ஓரிரு நாளில் நீங்கும். வளரிளம் பருவத்தினர் சிலர் ஊசி போட்டவுடன் மயங்குவதுண்டு. எனவே அமர்ந்த நிலையில் போட்டுக்கொண்டு, பதினைந்து நிமிடம் அங்கேயே இருப்பது நன்று. முன்பு ஊசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால், அதனை மருத்துவரிடம் முதலிலேயே கூறவேண்டும்.

ஊசி போட்டவருக்கு இந்நோய் வரவே வராதா? வரலாம், ஆயினும் கடுமை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தாலோ, இருமியபின் வாந்தி வந்தாலோ மருத்துவரைக் காணவேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்கி ஐந்து நாள்கள் கழிந்தபின் நோய் பிறருக்குத் தொற்றுவதில்லை. அதுவரை பள்ளிக்குச் செல்லாதிருத்தலும், வாயை மூடி இருமுதலும், கைக்குழந்தையை அணுகாதிருத்தலும் கடமையாகும்.

ஊசி குத்தும் வலி ஒரு நொடி. அதனால் விளையும் நன்மையோ தனக்கும் தன்னைச் சூழ்ந்தோர்க்கும் உரியது. தடுப்பூசி அட்டையில் பத்து வயதிற்கு நேரே உள்ள கட்டத்தை இன்றே பார்த்து, அதில் எழுதப்பட்டுள்ள ஊசி எது என்று பெற்றோரிடம் கேட்டறிதல், வருமுன் காத்தலின் முதற்படியாகும்.

சொற்பொருள்

திவலை – நீர்த்துளி
அழற்சி – உறுப்பு சிவந்து வீங்குதல்
தவணை – குறித்த காலத்தில் போடும் ஒருமுறை ஊசி
ஒவ்வாமை – உடல் ஒரு பொருளை ஏற்காமை
வளரிளம் பருவம் – குழந்தைப் பருவத்திற்கும் இளமைக்கும் இடைப்பட்ட வயது

பயிற்சி

1. கக்குவான் இருமல் என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. கிருமி மடிந்த பின்னரும் இருமல் நீடிப்பது ஏன்?
3. பத்தாம் வயதில் பள்ளியில் போடும் ஊசிக்கும் டிடாப் ஊசிக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. ஜப்பானில் 1974ஆம் ஆண்டிலும் 1979ஆம் ஆண்டிலும் இருந்த நிலையை ஒப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதுக.
5. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் இந்நோயின் பெயரைக் கேட்டறிந்து, அதன் பொருளைத் தமிழில் எழுதுக.